பேண்ட் போட்ட வயிறு: எது நடந்தால் என்ன செய்வது

எடை குறைக்க எனக்கு 2012-இல் இரைப்பையில் பேண்ட் வைத்தார்கள், கேஸ்ட்ரிக் பேண்ட் என்கிற வளையம். ஆபரேஷன் முடிந்து மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிடக் கற்றுக்கொள்ளத்தான் ஒன்றரை வருஷம் பிடித்தது. இப்போது எடை குறைக்க என்று போனால் பெரும்பாலும் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) அல்லது பைபாஸ்தான் (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைப்பது) செய்கிறார்கள். பேண்ட் வைப்பது அரிதாகிவிட்டது. ஆனால் அன்று வைத்துக்கொண்டவர்கள் இன்றும் அதோடுதான் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம். சந்தேகம் கேட்க ஆள்தான் குறைந்துபோனது. அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள். "பேண்ட் போட்டால் வாந்தி வரத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அடிக்கடி வாந்தி வந்தால் பெரும்பாலும் ஒன்று சாப்பிடும் விதம் தப்பு, இல்லையென்றால் பேண்டின் இறுக்கம் தப்பு. இரண்டையும் சரிசெய்யலாம். நான் எட்டு மாதம் வாந்தியோடு பழகிவிட்டேன். அந்த எட்டு மாதம் வீண்.

பேண்ட் செய்கிற வேலை

இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையம். அதன் உட்பக்கம் சின்ன பலூன் மாதிரி. அதிலிருந்து ஒரு குழாய் வந்து, வயிற்றில் தோலுக்கு அடியில் இருக்கிற போர்ட்டில் சேர்கிறது. போர்ட்டில் ஊசி போட்டு உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வளையத்துக்கு மேலே மிஞ்சுகிற பை 15 முதல் 30 மில்லிதான். டீஸ்பூனால் மூன்று முதல் ஆறு.

இதைப் பார்த்துப் பலர், அந்தக் குட்டிப் பை நிரம்பி அடைத்துக்கொள்வதால்தான் பசி அடங்குகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நன்றாக மென்று விழுங்கிய ஒரு சின்னக் கவளம், உணவுக்குழாய் நாலைந்து முறை பிழிந்து தள்ளியபின் வளையத்தைத் தாண்டிக் கீழே போய்விடும். ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும். அப்படித் தாண்டும்போது அந்த இடத்தில் விழுகிற அழுத்தம்தான் "போதும்" என்ற உணர்வைத் தருகிறது. ஒரு கவளம் தாண்டும் முன்பே அடுத்ததை அனுப்பினால் மேலே தேங்கும். கீழே நான் சொல்லப்போவதில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

முதலில்: எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது

தண்ணீர்கூட இறங்காமல் மணிக்கணக்கில் திரும்பி வருகிறது, சொந்த எச்சிலையே விழுங்க முடியவில்லை. மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலி, கூடவே வாந்தி. வாந்தியில் ரத்தம், அல்லது மலம் தார் மாதிரி கறுப்பாக. ஆபரேஷன் ஆன புதிதில் காய்ச்சல், மூச்சு வாங்குதல், நெஞ்சுப் படபடப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம். இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கிளம்புங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல நாள் வாந்தி எடுத்தவருக்கு நடை தள்ளாடுகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, பேச்சு குழம்புகிறது என்றால் அதை வெறும் அசதி என்று விடக்கூடாது. வைட்டமின் பி1, அதாவது தயமின், தீர்ந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம். மூளையையே பாதிக்கும். அந்த நிலையில் முதலில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். ஆகவே அவசரப் பிரிவில் நுழைந்ததும் கூட வந்தவர் சொல்ல வேண்டியது: "இவங்களுக்கு கேஸ்ட்ரிக் பேண்ட் இருக்கு. இத்தனை நாளா வாந்தி."

போர்ட்டுக்கு ஹியூபர் ஊசி என்று தனி ஊசி உண்டு. சாதாரண ஊசியால் குத்தினால் போர்ட்டின் மூடி பழுதாகிக் கசியலாம். எந்த வகை பேண்ட், எப்போது வைத்தது, இப்போது உள்ளே எத்தனை மில்லி இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். செல்போனிலும் ஒரு படம் இருக்கட்டும்.

சாப்பாடு நெஞ்சில் நின்றுவிட்டது

எனக்கு முதல் முறை நடந்தது பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில். மதிய இடைவேளை முடிய பத்து நிமிஷம் இருந்தது. டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி. இட்லியைவிட மெதுவானது என்ன இருக்கிறது என்று மூன்று நாலு வாய் வேகமாகப் போட்டேன். ஐந்தாவது வாய் உள்ளே போகவில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. ஒரு நிமிஷத்தில் வாயெல்லாம் எச்சில், கெட்டியாக, முட்டை வெள்ளைக்கரு மாதிரி. விழுங்கினால் இறங்கவில்லை, துப்பினால் நூலாக இழுத்தது. பக்கத்திலிருந்த டீச்சர் பதறி, "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினார். குடித்தேன். குடித்த அவ்வளவும் மூக்கு வழியாகவும் சேர்ந்து வெளியே வந்தது.

அந்தத் தண்ணீர்தான் நான் செய்த தப்பு. மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்கு, விக்கினால் தண்ணீர் குடி என்று வளர்ந்தவர்கள் நாம். பேண்டுக்கு அது ஆகாது. வழி அடைத்திருக்கும்போது மேலே எதை ஊற்றினாலும் போய்ச்சேர இடமில்லை.

நின்றுவிட்டால் செய்ய வேண்டியது: கையிலிருக்கும் கவளத்தை வைத்துவிடுங்கள். எழுந்து நில்லுங்கள், மெல்ல நடங்கள். படுக்காதீர்கள். ஊறுகிற எச்சிலைத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். விரலைப் போட்டு வாந்தி எடுக்க வேண்டாம். அதிகமாகக் குமட்டினால் பேண்ட் இடம் நகரலாம். சோடா வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று இறங்கும், இல்லையென்றால் பெரிய ஏப்பத்தோடு மேலே வந்துவிடும். எது நடந்தாலும் அந்த வேளைச் சாப்பாடு அத்தோடு முடிந்தது.

அன்றைய மிச்ச நாளும் மறுநாளும் நீர் ஆகாரம் மட்டும். வளையம் இருக்கும் இடம் உள்ளே வீங்கியிருக்கும். அதில் மறுபடி கெட்டி உணவை அனுப்பினால் மறுபடி நிற்கும், இன்னும் வீங்கும். பிறகு ஒருநாள் குழைவான உணவு, அதன்பின் வழக்கமான சாப்பாடு.

எது நிற்கிறது? நம் சாப்பாட்டில் முதல் குற்றவாளி வெள்ளைச் சோறு. பருக்கை பருக்கையாகப் போனாலும் உள்ளே ஒட்டி உருண்டையாகிவிடும். அடுத்து பிரெட், பரோட்டா, நடுவில் மாவாக இருக்கிற தடித்த தோசை. சிக்கன் பீஸ், அதிலும் ஆறிப்போய் மறுபடி சூடாக்கியது. நார் உள்ளவை: வாழைத்தண்டு, கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சதையோடு வரும் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல், துருவாமல் பல்லாகக் கீறிய தேங்காய். எனக்கு மொறுமொறு தோசையின் ஓரம் இறங்கும், நடுப்பகுதி இறங்காது. இட்லி சிலருக்கு ஒன்றுமே செய்யாது. ஒவ்வொருவருக்கும் பட்டியல் வேறு. புதிதாக ஒன்றைச் சோதிப்பது வீட்டில், அவசரம் இல்லாத நாளில் இருக்கட்டும்.

அளவைப் பற்றி நான் கண்டுபிடித்த வழி: கையால் எடுக்கும்போது ஐந்து விரலும் சேர்ந்தால் கவளம் பெரிதாகிவிடுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டால் மட்டும் கிள்ளி எடுங்கள். அது சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் வரும். கூழாகும்வரை மெல்லுங்கள். விழுங்கியபின் கையை மடியில் வையுங்கள், ஒரு நிமிஷம். முதல் நாள் நான் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஒரு மாதத்தில் கடிகாரம் தேவைப்படவில்லை. இருபது நிமிஷம் ஆனால் எழுந்துவிடுங்கள், தட்டில் மிச்சம் இருந்தாலும். நம் வீடுகளில் தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று சொல்லி வளர்ப்பார்கள். ஆகவே போடும்போதே ஒரு சின்னக் கிண்ணம் அளவு போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் எதுவும் இறங்கவில்லை, சாயங்காலம் சரியாக இருக்கிறது

இது பலருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். காலையில் பேண்ட் இறுக்கமாக இருப்பதாகத் தோன்றும். பெண்களில் சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களிலும் இப்படி ஆகும். விமானப் பயணத்திலும், மனக்கவலை உள்ள நாட்களிலும் சிலர் இதையே சொல்கிறார்கள். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரையோ சீரகத் தண்ணீரையோ மடக்கு மடக்காகக் குடியுங்கள். கெட்டி உணவைப் பத்து மணிக்குத் தள்ளிவையுங்கள். நான் காலையில் இட்லியை விட்டுவிட்டு மோரும் கலக்கியும்தான். கலக்கி என்றால் முழுசாக வேகாத, குழைவான ஆம்லெட். அது இறங்குகிற மாதிரி வேறு முட்டை இறங்காது. சாயங்காலமும் இறுக்கமாகவே இருக்கிறது என்றால் இது வேறு விஷயம், அடுத்த பகுதியைப் படியுங்கள்.

கெட்டி உணவு போகவில்லை, பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் மட்டும் போகிறது, எடை நின்றுவிட்டது

நான் எட்டு மாதம் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மூன்றாவது முறை நீர் ஏற்றியபின் மீன், பருப்பு, காய் எதுவும் ஒழுங்காக இறங்கவில்லை. நல்ல இறுக்கம், இனி மளமளவென்று எடை இறங்கும் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பசி பசிதானே. டீயில் முக்கிய ரஸ்க் இறங்கியது. ஐஸ்கிரீம் இறங்கியது. மிக்சர்கூட வாயில் போட்டால் கரைந்து மாவாகி இறங்கியது. மெல்லத் தேவையில்லாத இவை வளையத்தில் நிற்காமல் நழுவிப்போகும், அழுத்தமே தராது, வயிறும் நிறையாது. நாளெல்லாம் கொறித்தேன். தினமும் ஒருமுறை, இரண்டுமுறை வாந்தி. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் வாந்தி எடுப்பேன், சத்தம் கேட்கக் கூடாது என்று. கடைசியில் எடை பார்த்தால் நாலு கிலோ ஏறியிருந்தது.

டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா வாந்திம்மா?"

"தினமும்தான் டாக்டர். சொன்னா தளர்த்திடுவீங்க, தளர்த்தினா வெயிட் ஏறிடும்னு பயம்."

"இப்ப மட்டும் வெயிட் இறங்குதா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படுக்கச் சொல்லி, போர்ட்டைத் தடவிப் பார்த்து, ஊசி போட்டு ஒரு மில்லி எடுத்தார். உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். நிற்காமல் இறங்கியது. எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே வைக்காமல் குடித்தேன். இரண்டு நாள் கழித்து சங்கரா மீன் குழம்பில் அரைத் துண்டு மீன், கூடக் கொஞ்சம் அவரைக்காய்ப் பொரியல். அரை மணி நேரத்தில் எழுந்தேன், அடுத்த நாலு மணி நேரம் பசிக்கவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் அந்த நாலு கிலோவும் போய் மேலும் இறங்கியது.

பேண்ட் சரியான இறுக்கத்தில் இருந்தால் கெட்டி உணவை, காயும் மீனும் பருப்பும், கொஞ்சமாகச் சாப்பிட முடியும். நாலைந்து மணி நேரம் பசி தெரியாது. கெட்டி உணவு போகவில்லை, இரவில் எதுக்களிக்கிறது, இனிப்பும் மெதுவானதும்தான் போகிறது என்றால் இறுக்கம் கூடிவிட்டது. தளர்த்தச் சொல்லிக் கேளுங்கள். தளர்த்துவதில் தோல்வி எதுவும் இல்லை. உங்களை யாரும் அதற்காகக் குறைவாக நினைத்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பசிக்கிறது

என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். ரசம் சாதம், கஞ்சி, ராகிக் கூழ், குழையக் கரைத்த தயிர்ச்சாதம் என்றால் காரணம் தெரிந்துவிட்டது. நீராக இருப்பது வளையத்தில் நிற்காது. குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது நம் பழக்கம். கெட்டியாக நிற்க வேண்டிய உணவையே நாம் நீராக்கி அனுப்புகிறோம். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதும் அதே விளைவுதான். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடியுங்கள்.

முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சோறு என்ற வரிசையில் சாப்பிடுங்கள். டயட்டீஷியன்கள் பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் சொல்வார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான், எனவே மீன், பனீர், பருப்பு, தயிர் எல்லாம் சேர்ந்தால்தான் எட்டும். சைவக்காரர்கள் சுண்டலைத் தோல் நீக்கி மசித்து, பருப்பு உசிலியைக் கொஞ்சம் ஈரமாகச் செய்து சமாளிக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பசி வருகிறது, கிண்ணத்தின் அளவும் கூடிக்கொண்டே போகிறது என்றால் நீர் ஏற்ற வேண்டிய நேரம். ஆபரேஷன் ஆகி முதல் ஆறு வாரத்தில் இருப்பவர்களுக்குப் பசிப்பது இயல்பு. பேண்ட் அப்போது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், முதல் நீர் ஏற்றுவதே ஏறக்குறைய ஆறாவது வாரத்தில்தான். அந்த ஆறு வாரத்தை எடை குறைக்கும் காலமாக நினைக்காதீர்கள், பேண்ட் தன் இடத்தில் பதிகிற காலம் அது. பசிக்கிறதே என்று கெட்டி உணவுக்கு முன்கூட்டியே தாவ வேண்டாம். முதலில் நீர், அடுத்து மசித்தது, அடுத்து மெதுவானது என்று உங்கள் மருத்துவமனை கொடுத்த வரிசையிலேயே போங்கள்.

படுத்தால் இருமல், தலையணையில் புளித்த நீர்

மேலே தேங்கியது படுத்ததும் திரும்பி வந்து புரையேறுகிறது. எப்போதாவது ஒருநாள், தாமதமாகச் சாப்பிட்டுப் படுத்ததால் என்றால், இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துப் பாருங்கள். வாரத்தில் பல நாள் என்றால் நெஞ்செரிச்சல் மாத்திரையும் இரண்டு தலையணையும் வைத்து ஓட்டாதீர்கள். அந்த நீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். முதல் வைத்தியம் தளர்த்துவதுதான்.

நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று எதுக்களிப்பும் வாந்தியும் வலியும் ஆரம்பித்தால் வளையத்துக்குக் கீழே இருக்கிற இரைப்பை அதன் வழியாக மேலே நழுவியிருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தால் தெரியும். உடனே போக வேண்டிய விஷயம்.

திடீரென்று பேண்டே இல்லாத மாதிரி இருக்கிறது

நேற்றுவரை அரைக் கிண்ணம், இன்று ஒரு தட்டு பிரியாணி தடையில்லாமல் போகிறது. நீர் கசிந்திருக்கலாம், ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, ஏற்றியதைவிடக் குறைவாக இருந்தால் கசிவு உறுதி. கூடவே போர்ட் இருக்கும் இடம் சிவந்து வலித்தால், அதுவும் ஆபரேஷன் ஆகிப் பல மாதம், பல வருஷம் கழித்து வந்தால், பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். வெறும் தோல் புண் என்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டு விட்டுவிடாதீர்கள். எடை குறைந்தபின் போர்ட் நாணயம் மாதிரி கைக்குத் தட்டுப்படுவது மட்டும் என்றால் கவலை இல்லை.

உடம்பில் மற்ற தொல்லைகள்

ஆபரேஷன் ஆன சில நாள் தோள்பட்டை வலித்தால், வயிற்றை உப்பவைக்க ஊதிய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உறுத்துவதால்தான். நடந்தால் குறையும்.

மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டலாம். வேகமாக எடை குறைந்ததற்கு உடம்பின் பதில் அது, பெரும்பாலும் திரும்ப வளரும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் நீளும். பேண்ட் சத்து உறிஞ்சுவதைத் தடுப்பதில்லை, ஆனால் சாப்பிடுவதே கொஞ்சம் என்பதால் இரும்பு, பி12, தயமின் எல்லாம் குறையலாம். வைட்டமின் மாத்திரையை விடாதீர்கள், வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை.

எழுந்தால் தலைசுற்றுகிறது, கை நடுங்கி வேர்க்கிறது என்றால் பழைய அளவிலேயே சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போடுகிறீர்களா என்று பாருங்கள். எடை குறையக் குறைய அவற்றின் அளவையும் டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பெரிய மாத்திரையும் நிற்கும். உடைக்கலாமா, சிரப்பாக வருகிறதா என்று மருந்துக்கடையில் கேளுங்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளை உடைக்கக் கூடாது. மூட்டுவலிக்கென்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகளை வாங்கிப் போடாதீர்கள். இரைப்பையைப் புண்ணாக்கும்.

பந்தியில்

கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் வேகமாக வருவார், பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருப்பார். "ஏண்டி, இவ்ளோ இளைச்சுட்ட, சுகரா?" "ஒரு வாய்கூட எடுக்கலையே, சமையல் பிடிக்கலையா?" ஆபரேஷனைப் பற்றிச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நான் சொல்வது, "டாக்டர் மெதுவா சாப்பிடச் சொல்லியிருக்கார் பெரியம்மா." நம் ஊரில் டாக்டர் பெயரைச் சொன்னால் அதற்குமேல் யாரும் வற்புறுத்துவதில்லை.

கிளம்பும் முன் வீட்டில் முட்டையோ பனீரோ கொஞ்சம் சாப்பிட்டுவிடுவேன். பந்தியில் கடைசி வரிசை, ஓர இடம்; எழுந்து போக வேண்டியிருந்தால் யாரையும் தாண்ட வேண்டாம். சோறு வரும்போதே இலைமேல் கையைக் குறுக்கே வைத்துவிட வேண்டும், விழுந்தபின் சொல்லிப் பயனில்லை. கூட்டு, பொரியல், பருப்பு இந்த மூன்றிலேயே இருபது நிமிஷம் ஓடிவிடும். பாயசம் டம்ளரில் வந்தால் ஒரு மடக்கு. மற்றவர்கள் மோருக்கு வரும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து இலையை நம் பக்கமாக மடித்து எழுந்தால், என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கும் தெரியாது.